புதிதாக வந்தவனும் தொழிலாளியே

தோட்டங்களில் இன்று அதிகாலைப் பிரட்டுக்கு வந்து நிற்பவர்களில் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். "இவர்கள் வந்ததால்தான் நம் சம்பளம் ஏறவில்லை, நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று" என்ற பேச்சு லயங்களில் அடிக்கடி கேட்கிறது. அந்தப் பேச்சிலுள்ள வேதனை நியாயமானது. ஆனால் பழியை யார்மேல் சுமத்துவது என்பதில்தான் தவறு நேர்கிறது. இதைப்பற்றித் தொழிலாளத் தோழர்களிடம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1910ஆம் ஆண்டு வரை ஒப்பந்தக் கூலிகளாகவும், அதன்பின் கங்காணியின் முன்பணத்தைக் கடனாகத் தலையில் சுமந்தும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். பினாங்கை அடைந்தவர்கள் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்த பிறகே கரை சேர்ந்தார்கள். ஊர் தெரியாது, மொழி தெரியாது. கங்காணி சொன்னதே சட்டம், துரை கொடுத்ததே கூலி. 1938ல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் முறை இவ்வாறே நடந்து வந்தது.

அந்தக் காலத்தில் இந்தியத் தொழிலாளியின் கூலி சீனத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவு. இந்தக் குறைவை நம்மவர் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. கேட்க நாதியற்றிருந்தார்கள், ஆகவே குறைத்துக் கொடுத்தார்கள். 1941ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்து, சீனருக்கு இணையான கூலி வேண்டுமென்று கேட்டார்கள். தோட்டத்து அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் அவமானம் ஒழிய வேண்டுமென்றும் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் துருப்புகளும் துப்பாக்கிச் சூடும். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும் அந்தப் போராட்டம் நமக்கு விட்டுச் சென்ற பாடம் ஒன்று உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு கூலி இருக்குமானால் அதில் இலாபம் முதலாளிக்கே. இரண்டு தொழிலாளிக்கும் நட்டமே.

இந்த மண்ணில் நாம் வேரூன்றியது காலம் கடந்ததால் மட்டுமல்ல. ஐம்பது வருஷம் பால் வெட்டியவரும் கையில் சீட்டில்லாவிட்டால் அந்நியரே என்பதை அனுபவம் காட்டிவிட்டது. 1957ல் சுதந்திரம் வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டு மலாய்மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி இருந்தது. பதிந்தவர்கள் குடிமக்களானார்கள். விவரம் தெரியாமலும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தும் தவறவிட்டவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெறவேண்டும் என்று வந்தபோது, இங்கேயே உழைத்து நரைத்தவர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேற நேர்ந்தது. அந்தத் துயரம் தட்டாத தோட்டம் அரிது.

நாட்டு மொழியைக் கற்றது, சீட்டைக் காப்பாற்றியது, சங்கம் கண்டது ஆகிய மூன்றே நம்மைக் காலூன்றச் செய்தன. 1954ல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன்பிறகுதான் தனி ஆளாக ஆபீசு வாசலில் கைகட்டி நின்ற தொழிலாளி, முதலாளிமாரோடு ஒரே மேசையில் அமர்ந்து ஒப்பந்தம் பேசினான்.

இன்று வந்திருப்பவரின் நிலை என்ன? கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு இருக்கிறான். முன்பணத்தின் இடத்தில் வட்டிக் கடன் இருக்கிறது. நம் முன்னோருக்கு இருந்த ஒரு வசதிகூட இவருக்கு இல்லை. அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து குடியிருக்க முடிந்தது. இவர் கையிலிருப்பதோ தற்காலிக வேலைச் சீட்டு. குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியில்லை. அந்தச் சீட்டும் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலையை விட்டால் சீட்டும் போய்விடும். இப்படிப்பட்டவர் குறைந்த கூலிக்கும் தலையசைப்பதில் வியப்பென்ன?

"அவர் தலையசைப்பதால் எங்கள் சோற்றில் மண் விழுகிறதே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவரைத் திட்டுவதால் அவர் கூலி ஏறாது. நம் கூலியும் ஏறாது. அவருக்கும் நமக்கும் ஒரே கூலி என்று நிலைநாட்டினால், மலிவான கூலி என்பதற்காகவே ஆள் இறக்கும் ஆசை முதலாளிக்கு இராது. ஆகவே அவருடைய கூலியைக் காப்பது தர்மம் மட்டுமல்ல. நம் கூலிக்கும் அதுவே காவல்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் தோட்டத்திலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உரியது. வேலையில் விபத்து நேர்ந்தால் 2019 முதல் பெர்கேசோ பாதுகாப்பு அவருக்கும் உண்டு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு இரண்டு விழுக்காடு, முதலாளி பங்கு இரண்டு விழுக்காடு. அவருடைய பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வாங்கிப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சங்கத்தில் உறுப்பினராகச் சேரவும் அவருக்கு உரிமை உண்டு. இவ்வளவும் ஏட்டில் இருக்கின்றன. எடுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் ஏட்டிலிருந்து என்ன பயன்?

கிராணிமாருக்குத் தனியே ஒரு சொல். அந்நாளில் ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிந்து கொடுத்த கிராணி, அக்குடும்பத்துக்கே நாட்டைத் தேடிக் கொடுத்தவரானார். பதியாமல் விட்ட வீடுகளின் பிள்ளைகள் அடையாள அட்டைக்கு அலைந்தார்கள். செக்ரோலில் ஒரு பெயருக்கு நேரே எழுதும் எண்ணில் ஒருவருடைய வாழ்வு அடங்கியிருக்கிறது. புதியவருக்கு அவருடைய சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். பிடித்தம் எதற்கென்று விளக்குங்கள். அதற்கு எந்தத் துரையின் உத்தரவும் தேவையில்லை.

கிளைச் செயலவைகள் செய்யவேண்டியதும் பெரிய காரியமல்ல. அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள். நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக மலாய்மொழி இருக்கிறது, அதில் பேசுங்கள். சந்தா எதற்கு, சங்கம் எதற்கு என்று சொல்லுங்கள். அவர்களில் விவரம் தெரிந்த ஒருவரைத் தம் கூட்டத்தாரின் குறைகளைக் கொண்டுவரச் செய்யுங்கள். குறைந்த கூலியோ, பாஸ்போர்ட் பறிப்போ தெரியவந்தால் உடனே சங்க அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்களை இழிவான பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை நம் வீட்டிலிருந்தே ஒழிப்போம். நம் தாத்தாமாரையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

அன்று நம்மவர் கரை இறங்கியபோது கைகொடுக்கச் சங்கம் இல்லை. இன்று சங்கம் இருக்கிறது. அது புதிதாக வந்தவருக்கும் கைகொடுக்கட்டும்; அதனால் நம் பலமும் பெருகும்.