நாலரை மணி நேர எழுத்தறிவு!

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் ஒரு கோடி இந்தியர்களை எழுத்தறிவு உள்ளவர்களாக ஆக்கப் போவதாக மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் அறிவித்தது. திட்டத்தின் பெயர் ‘யுவா ஏஐ’. நாலரை மணி நேரப் பாடம், முடித்தால் சர்ட்டிபிகேட். காசு கிடையாது. படிக்கிறவர்கள் படிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. யந்திரத்தைக் கண்டு மிரளுவதைவிடத் தொட்டுப் பார்ப்பது மேல்.

ஆனால் இதுதான் எழுத்தறிவு என்று தம்பட்டம் அடித்தால், அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

போடிநாயக்கனூர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் அவர்கள். தராசைப் பார்க்கத் தெரியாதவள் கூலியை இழப்பாள் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா? எந்தத் தாளில் போடுகிறோம் என்று படிக்கத் தெரிய வேண்டாமா?

இன்று தராசு மாறியிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்கு வாங்கிச் செல்லும் சத்துணவுக்கு, முகத்தைக் காமிராவில் காட்ட வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. பதிவிலுள்ள முகமும் எதிரே நிற்கும் முகமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று யந்திரம் ஒரு மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் சோறு, எத்தனைக்குக் கீழ் பட்டினி என்று கோடு கிழிப்பது மனிதன்! அவன் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். ஏச்சு வாங்குவதோ, சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் அங்கன்வாடி ஊழியர்.

“யந்திரம் பாரபட்சம் பார்க்காதே” என்கிறார்கள் சில மேதாவிகள். தெலங்கானாவைப் பாருங்கள். அங்கே ‘சமக்ர வேதிகா’ என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு, பல இலாகாக்களின் பதிவுகளைப் பெயர் பொருத்தி ஒன்று சேர்த்தது. ரிக்ஷா இழுத்துப் பிழைத்த ஏழை, பெயர் ஒத்துப்போன குற்றத்துக்காக, வேறொருவரின் காருக்குச் சொந்தக்காரர் ஆனார், அரிசி போயிற்று. 2016க்குப் பின் அந்த மாநிலத்தில் ரத்தான ஏறக்குறைய 19 லட்சம் ரேஷன் கார்டுகளையும் நேரில் போய் மறுபடி விசாரிக்கும்படி 2022ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இந்தக் கதை நாலரை மணி நேரத்தில் வருமா?

யந்திரத்துக்கு இந்த ‘அறிவு’ வானத்திலிருந்து குதித்ததுமல்ல. ‘சாட்ஜிபிடி’யைப் பக்குவப்படுத்த, வன்முறையும் ஆபாசமும் நிறைந்த எழுத்தைப் படித்துப் படித்து அடையாளமிட்டார்கள் கென்யாத் தொழிலாளர்கள். அவர்களின் கூலி மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்பது 2023 ஜனவரியில் அம்பலமாயிற்று. ஏலக்காயின் வாசனை தெரிந்தவனுக்கு எடுத்தவளின் விரல் தெரியாது; அந்தக் கதைதான் இதுவும்.

“அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறீர்களா?” என்று நம்மை மடக்கப் பார்ப்பார்கள். தராசு வேண்டாம் என்று போடியில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. முத்திரை போட்ட தராசைத்தான் கேட்கிறாள்.

நாம் கோருவது இதுதான். எந்தப் பதிவைப் பார்த்து, யார் வைத்த கோட்டின்படி ‘இல்லை’ என்றார்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். முறையிட ஓர் அதிகாரியின் பெயர் அங்கன்வாடிச் சுவரில் இருக்க வேண்டும். யந்திரம் மறுத்தாலும் அன்றைய சத்துமாவு அன்றே தரப்பட வேண்டும். இன்னொன்று: காலையில் மலையேறிய ஜீப் திரும்புவதற்குள் அங்கன்வாடி பூட்டப்பட்டுவிடுகிறது, அந்தத் தாய் எந்த நேரத்தில் வந்து முகத்தைக் காட்டுவாள் என்பதையும் திட்டம் போட்டவர்கள் சொல்லட்டும்.