'உலகத்திலேயே 300 கார்தான்!' - லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை உண்மையிலேயே ஏறுமா?

"மொத்தமே 300 கார்தான் தயாரிச்சாங்க. வாங்கி ஷெட்டுல நிறுத்தி வெச்சா போதும், பத்து வருஷத்துல டபுள்!"

இந்த மாதிரி ரீல்ஸ் ஒன்றாவது உங்கள் ஃபோனில் வந்து போயிருக்கும். பழைய ஃபெராரி ஒன்று ஏலத்தில் பல கோடிக்குப் போனது என்று செய்தி வரும்போதெல்லாம், 'தங்கத்தைவிட கார் பெட்டர்' என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது.

சரி, குறைந்த எண்ணிக்கையில் தயாரான கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காரின் விலை நிஜமாகவே ஏறுமா? என் பதில்: சில கார்களுக்கு ஏறும். ஆனால் 'குறைவாகத் தயாரித்தார்கள்' என்பது மட்டும் அதற்குக் காரணமாக இருக்கவே முடியாது. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காரின் கதை போதும். அது ஜாகுவார் எக்ஸ்ஜே220.

வரிசையில் நின்ற கோடீஸ்வரர்கள்

1988-ம் ஆண்டு, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மோட்டார் ஷோ. ஜாகுவார் ஒரு கான்செப்ட் காரை மேடையேற்றியது. வி12 இன்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் பவர், மணிக்கு 220 மைல் வேகம் என்ற இலக்கு. பெயரில் இருக்கும் 220 அதுதான். பார்த்தவர்கள் மயங்கிப் போனார்கள்.

அதிகபட்சம் 350 கார்தான் என்று அறிவித்தது ஜாகுவார். புக்கிங் செய்ய 50,000 பவுண்டு டெபாசிட். ஆனாலும் கார்களைவிட, கேட்டு வந்தவர்கள் பல மடங்கு அதிகம்.

அவர்கள் எல்லாரும் கார் பிரியர்களா என்றால், இல்லை. காலகட்டத்தைக் கவனியுங்கள். 1987 அக்டோபரில் உலகப் பங்குச்சந்தைகள் சரிந்தன. சூடுபட்ட பணம் ஓவியம், பழைய கார் என்று 'கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய' பொருட்களுக்குள் நுழைந்தது. 1988 ஆகஸ்ட்டில் என்ஸோ ஃபெராரி இறந்ததும், அவர் பெயர் தாங்கிய கார்களின் விலை இன்னும் எகிறியது. இந்தச் சூழலில் எக்ஸ்ஜே220-க்கு டெபாசிட் கட்டிய பலர் வாங்க நினைத்தது காரை அல்ல, வரிசையில் ஓர் இடத்தை. டெலிவரிக்கு முன்பே அந்த இடத்தை லாபத்துக்குக் கைமாற்றிவிடலாம் என்பதுதான் கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது?

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன.

ஒன்று, கார் மாறிப்போனது. வி12 இன்ஜினுக்குப் பதிலாக 3.5 லிட்டர் வி6 ட்வின் டர்போ வந்தது. நான்கு சக்கர டிரைவ் போய், பின்சக்கர டிரைவ் ஆனது. தொழில்நுட்ப ரீதியில் அது சரியான முடிவுதான். 1992-ல் இத்தாலியின் நார்டோ டிராக்கில் இந்தக் கார் மணிக்கு 349 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஆனால், 'நாங்க கேட்டது வி12 ஆச்சே?' என்றார்கள் வாங்கியவர்கள்.

இரண்டு, விலை. ஒப்பந்தப்படி விலை பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும். ஆரம்பத்தில் வரி எல்லாம் சேர்த்து 3,61,000 பவுண்டு என்று சொல்லப்பட்ட கார், 1992-ல் டெலிவரி தொடங்கும்போது 4,70,000 பவுண்டு ஆகியிருந்தது.

மூன்று, பொருளாதாரம். 1989 அக்டோபரில் பிரிட்டனில் அடிப்படை வட்டி விகிதம் 15 சதவீதத்தைத் தொட்டது. அடுத்து மந்தநிலை. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் விற்க ஓடினார்கள், வாங்க ஆளில்லை.

முடிவு? விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒரு தொகையைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ஜாகுவாரே வழி சொல்ல வேண்டிய நிலை. 350 என்று சொன்ன எண்ணிக்கையைக்கூட எட்டாமல், சுமார் 280 கார்களோடு 1994-ல் தயாரிப்பு நின்றது. விற்காமல் தேங்கியவற்றில் கடைசி சில கார்கள் 1997-ல் வரி சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பவுண்டுக்குப் போயின. அதுவும் புத்தம்புதுக் கார்கள்!

இங்கே ஒரு முரணைப் பாருங்கள். 350 தயாரித்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட இந்தக் கார் இன்னும் அரிதானது. அரிதாவதுதான் விலையை ஏற்றும் என்றால், எக்ஸ்ஜே220 விலை ஏறியிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. 'எத்தனை கார் இருக்கு' என்பது பாதிக் கேள்விதான். 'அது எத்தனை பேருக்கு வேணும்' என்பது மீதிப் பாதி. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சரி, இன்று அதன் விலை என்ன?

பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த எக்ஸ்ஜே220, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மறுபடி ரசிகர்களைப் பெற்றது. நல்ல நிலையில் உள்ள கார்கள் இப்போது நான்கு, ஐந்து லட்சம் பவுண்டு வட்டாரத்தில் கைமாறுகின்றன.

'ஆஹா, விலை ஏறிடுச்சே' என்று தோன்றும். பொறுங்கள். 1992-ல் புதிதாக வாங்கியவர் கொடுத்தது 4.7 லட்சம். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து அவர் பார்ப்பது கிட்டத்தட்ட போட்ட பணம்தான். இடையில் பிரிட்டனில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. அதாவது பணத்தின் உண்மையான மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஒப்பிட்டுப் பார்ப்போம். லண்டன் பங்குச்சந்தையின் எஃப்டிஎஸ்இ 100 குறியீடு 1992 கடைசியில் 2,850 புள்ளிக்குச் சற்றுக் கீழே இருந்தது. 2024 கடைசியில் 8,170 புள்ளிகளைத் தாண்டி நின்றது. டிவிடெண்டைச் சேர்க்காமலே ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்கு ஷெட் வாடகையும் இல்லை, டயர் மாற்றும் செலவும் இல்லை.

லாபம் பார்த்தவர் யார் தெரியுமா? 1997-ல் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியவர். அவருக்கும்கூட ஆண்டுக்கு சராசரியாக 4 சதவீதம் வட்டாரம்தான் வருகிறது. அதில் பராமரிப்புச் செலவைக் கழிக்க வேண்டும்.

அப்போ கோடி கோடியாய்ப் போன கார்கள்?

உண்மைதான், மறுக்க முடியாது. மெக்லாரன் எஃப்1 என்ற காரை 1990-களில் 5,40,000 பவுண்டுக்கு விற்றார்கள். 2021 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் ஏலத்தில் ஒரு எஃப்1 சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போனது. 36 மட்டுமே தயாரான ஃபெராரி 250 ஜிடிஓ-க்களில் ஒன்று 2018-ல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விற்றது.

ஆனால் இந்த எண்களின் பின்னணியையும் பார்க்க வேண்டும்.

மெக்லாரன் 300 எஃப்1 விற்கத் திட்டமிட்டது. ரேஸ் கார்களையும் சேர்த்து மொத்தமே 106-தான் தயாரானது, ஏனென்றால் அப்போது அந்த விலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அதே மந்தநிலை, அதே தேக்கம். எக்ஸ்ஜே220-ம் எஃப்1-ம் ஒரே காலத்து, ஒரே நாட்டு, இரண்டுமே வியாபாரத்தில் தடுமாறிய கார்கள். ஒன்று இருபது மடங்குக்கு மேல் ஏறியது, மற்றொன்று போட்ட பணத்தையே தட்டுத்தடுமாறி மீட்டது. எஃப்1 1995-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது, அதில் உள்ள வி12 இன்ஜின், டிரைவர் நடுவில் உட்காரும் மூன்று சீட் அமைப்பு என்று இன்று காரணங்களை அடுக்கலாம். 1993-ல் இரண்டு காரையும் பக்கத்தில் நிறுத்தி, 'இதுதான் ஏறும்' என்று பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று. அந்த 2021 ஏலக் கார் 26 வருஷத்தில் ஓடியது 243 மைல், அதாவது 391 கிலோமீட்டர். வருஷத்துக்கு 15 கிலோமீட்டர்! உலகின் மிகச் சிறந்த டிரைவிங் அனுபவம் என்று புகழப்பட்ட காரை ஓட்டாமல் இருந்ததற்கான கூலிதான் அந்த உச்ச விலை. ஓட்டினால் விலை குறையும், ஓட்டாவிட்டால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. இந்தச் சிக்கல் தங்கத்துக்குக் கிடையாது.

உச்சத்தில் வாங்கியவர் கதி

ஃபெராரி எஃப்40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் அறிமுகமானபோது 400 கார் என்றார்கள். கேட்பவர்கள் கூடக் கூட, கடைசியில் 1,300-ஐத் தாண்டியது. 'லிமிடெட்' என்பது நிறுவனம் நினைத்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய எண் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1990-ல் உச்சக்கட்டத்தில் எஃப்40 ஒன்று பத்து லட்சம் பவுண்டு வரை போனது. சில வருஷத்திலேயே அதில் கால் பங்குக்கும் கீழே விழுந்தது. இன்று நல்ல எஃப்40 இருபது லட்சம் பவுண்டு அளவுக்கு விற்கிறது. 'டபுள் ஆயிடுச்சே!' ஆமாம், 35 வருஷத்தில். ஆண்டுக்கு 2 சதவீதம். இதில் ஒரு ரகசியச் செலவு வேறு: எஃப்40-ன் பெட்ரோல் டேங்க் ரப்பர் பை வகை. காரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

எக்ஸ்ஜே220-க்கும் இதே கதைதான். அதன் அசல் டயர் ஒரு கட்டத்தில் சந்தையிலேயே கிடைக்காமல் போய், பிறகு அந்தக் காருக்கென்றே தனியாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. இன்ஷூரன்ஸ், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட ஷெட், ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரும் 10 சதவீதம் வட்டாரத்திலான கமிஷன் எல்லாம் தனி. ஏலச் செய்தியில் விற்ற விலை மட்டும் வரும். இந்த பில்கள் வராது.

விலையை உண்மையில் ஏற்றுவது எது?

என் பார்வையில் நான்கு விஷயங்கள்.

முதலாவது, சிறு வயதுக் கனவு. பதினைந்து வயதில் போஸ்டரிலோ வீடியோ கேமிலோ பார்த்த காரை, கையில் பணம் புழங்கும் வயதில் வாங்குகிறார்கள். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 ஆயிரக்கணக்கில் தயாரான கார். ஆனாலும் விலை எகிறியது. கிரான் டூரிஸ்மோ விளையாடி வளர்ந்த தலைமுறை இப்போது சம்பாதிக்கிறது. அந்தத் தலைமுறை போனால் இந்த டிமாண்டும் போகலாம்.

இரண்டாவது, சட்டம். அமெரிக்காவில் 25 வருஷம் கடந்த வெளிநாட்டுக் காரை, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலே இறக்குமதி செய்யலாம். 1999-ல் வந்த ஆர்34-க்கு 2024-ல் அந்தக் கதவு திறந்தது.

மூன்றாவது, வரலாறு. பந்தயத்தில் வென்றதா, யார் வைத்திருந்தார்கள், ஒரிஜினல் இன்ஜின்தானா, சர்வீஸ் பேப்பர் எல்லாம் இருக்கிறதா. ஒரே மாடலில் இரண்டு கார்களின் விலை இதனால் மலைக்கும் மடுவுக்குமாக மாறும்.

நான்காவது, நிறுவனத்தின் நடத்தை. 1960-களில் தயாரிக்காமல் விட்ட லைட்வெய்ட் இ-டைப் கார்களில் மீதி ஆறை, 2014-ல் ஜாகுவாரே புதிதாகச் செய்து விற்கப்போவதாக அறிவித்தது. அரிது என்று நீங்கள் நம்பிய எண்ணில், ஐம்பது வருஷம் கழித்தும் கூட்டல் நடக்கலாம்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

பிரிட்டன் வரிச் சட்டம் சாதாரண கார்களை 'தேய்ந்துபோகும் சொத்து' என்றே வகைப்படுத்துகிறது. அதனால்தான் அங்கே காரை லாபத்துக்கு விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. இதைக் கார் முதலீட்டு ஆலோசகர்கள் பெரிய சலுகையாக விளம்பரம் செய்கிறார்கள். ஆனால், கார் என்பது இயல்பாகவே மதிப்பு குறையும் பொருள் என்று அரசாங்கமே கருதுவதால்தான் அந்தச் சலுகை.

கேரேஜில் இடமும், செலவுக்குப் பணமும், அந்தக் காரின் மேல் நிஜமான ஆசையும் இருப்பவர் தாராளமாக வாங்கட்டும். விலை ஏறினால் போனஸ். ஏறாவிட்டாலும் ஓட்டிய சந்தோஷம் மிச்சம். ஆனால் 'ரிட்டர்ன்' எதிர்பார்த்து, அதுவும் கடன் வாங்கி இதில் இறங்குபவர் 1989-ல் டெபாசிட் கட்டியவர்களின் வரிசையில்தான் போய் நிற்கிறார்.

நம்மில் பெரும்பாலோர் எக்ஸ்ஜே220 வாங்கப்போவதில்லை. ஆனால் இதே வசனத்தோடு லிமிடெட் எடிஷன் பைக், வாட்ச், ஷூ எல்லாம் நம் ஃபோனுக்குள் தினமும் வருகிறது. அடுத்த முறை 'உலகத்திலேயே இத்தனைதான்' என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இருபது வருஷம் கழித்து இது யாருக்கு வேணும்? அதுவரை வைத்திருக்க எனக்கு எவ்வளவு ஆகும்? இதே பணம் வேறெங்கே இருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? மூன்றுக்கும் பதில் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.