டி-சர்ட் விற்பனை: பலன் தராத இணைய விளம்பரத்தை எப்போது நிறுத்துவது?

புதுதில்லி: கைப்பேசி ஒன்றும் சில ஆயிரம் ரூபாயும் கையில் இருந்தால் தொடங்கிவிடலாம் என்று கருதப்படும் தொழில்களில் ஒன்று, பெயரோ வாசகமோ அச்சிட்டுத் தரும் டி-சர்ட் விற்பனை. கடை வேண்டாம், இருப்பு வேண்டாம். வாடிக்கையாளர் கேட்ட பிறகு ஆடையை அச்சிட்டு, விற்பவரின் பெயரிலேயே அனுப்பித் தரும் நிறுவனங்கள் பல நகரங்களில் இயங்குகின்றன. எஞ்சி நிற்கும் பெருஞ்செலவு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் ஆகியவற்றில் தரும் விளம்பரம்தான். அதை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தரக் காணொலிகள் ஏராளம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைச் சொல்வோர் குறைவு. சேமிப்பைக் கொண்டு தொழில் தொடங்கிய பலர் பணத்தை இழப்பது அந்த இடத்தில்தான்.

வரி மாற்றங்கள் இத்துறைக்கு ஓரளவு உதவியுள்ளன. வெளிநாட்டு நிறுவனங்களின் இணைய விளம்பரச் சேவை மீதான 6 சதவீத சமன்படுத்தும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரையிலான ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாக்கப்பட்டது. ஆனால், ரூ.1,000-க்கு உட்பட்ட ஆடைகளுக்கு முன்பே 5 சதவீதம்தான் இருந்தது. ரூ.400, ரூ.600 விலையில் டி-சர்ட் விற்பவருக்கு இதனால் புதிதாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. விளம்பரத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் அப்படியே தொடர்கிறது.

கணக்கு தொடங்கும் இடம்

ஒரு விளம்பரம் தோற்றுவிட்டதா என்பதை அறிய, முதலில் ஓர் ஆர்டருக்கு எவ்வளவு செலவு தாங்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வரி உட்பட ரூ.599-க்கு விற்கப்படும் டி-சர்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி போக விற்பவருக்குக் கிடைப்பது சுமார் ரூ.570. ஆடைக்கும் அச்சுக்கும் ரூ.260, கூரியருக்கு ரூ.70, உறைக்கு ரூ.10, பணம் வசூலிக்கும் கட்டணம் ரூ.12 எனக் கொண்டால் மிச்சம் ரூ.218. ஓர் ஆர்டரைப் பெற விளம்பரத்துக்கு இதற்கு மேல் செலவானால் ஒவ்வொரு விற்பனையும் நட்டமே.

பெரும்பாலோர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகின்றனர். இந்தியச் சந்தையில் அது போதாது. பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் முறையில் ஆர்டர் செய்பவர்களில் ஒரு பகுதியினர், கூரியர் ஊழியர் வாசலில் நிற்கும்போது வேண்டாம் என்கின்றனர். அல்லது தொலைபேசியை எடுப்பதில்லை. விற்பனையாளர்கள் இதை ஆர்டிஓ என்பர். போக்குவரத்து அலுவலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அனுப்பிய இடத்துக்கே திரும்பி வரும் பொட்டலத்துக்கு அவர்கள் வைத்த சுருக்கப் பெயர் அது. வெற்று டி-சர்ட் திரும்பி வந்தால் வேறொருவருக்கு விற்கலாம். மணமகன் பெயரும் திருமணத் தேதியும் அச்சிட்ட டி-சர்ட்டை யாரிடம் விற்பது?

மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 100 ஆர்டர்களில் 20 திரும்பி வருவதாகக் கொள்வோம். விற்ற 80-இல் கிடைப்பது ரூ.17,440. திரும்பிய ஒவ்வொன்றிலும் ஆடை, அச்சு, உறை, போக வர கூரியர் எனச் சுமார் ரூ.400 இழப்பு, மொத்தம் ரூ.8,000. எஞ்சும் ரூ.9,440-ஐ 100 ஆர்டர்களுக்கும் பகிர்ந்தால் ஆர்டர் ஒன்றுக்கு ரூ.94. விளம்பரக் கணக்குப் பக்கம் காட்டுவது வந்த ஆர்டர்களையே. திரும்பிச் சென்ற பொட்டலங்களை அது அறியாது. ஆகவே ஆர்டருக்கு ரூ.150 செலவு என்று அப்பக்கம் காட்டும்போது, எல்லை ரூ.218 என நினைப்பவர் லாபத்தில் இருப்பதாக நம்புகிறார். உண்மையில் ஒவ்வோர் ஆர்டருக்கும் ரூ.56 கைவிட்டுப் போகிறது. நூற்றுக்கு 35 திரும்பினால் விளம்பரத்துக்கென ஏறத்தாழ எதுவும் ஒதுக்க இடமிருக்காது. அந்த நிலையில் நிறுத்த வேண்டியது விளம்பரத்தை அன்று, முன்பணமின்றி ஆர்டர் ஏற்கும் வழக்கத்தை.

விளம்பரக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு பெற இயலாதவருக்கு அந்த 18 சதவீதமும் செலவாகவே சேரும்.

ஓர் ஆர்டரும் வராதபோது

விளம்பரம் தொடங்கி, கிளிக்குகள் வந்து, ஓர் ஆர்டரும் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது? நிகழ்தகவுக் கணக்கு இதற்குத் தெளிவான விடை தருகிறது. விளம்பரம் உண்மையில் லாப நட்டமற்ற நிலையில் இயங்கக்கூடியது என்று வைத்துக்கொண்டாலும், தாங்கக்கூடிய செலவின் ஒரு மடங்கு கரைந்த பின் ஓர் ஆர்டரும் வராதிருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது, ரூ.94 எல்லை கொண்டவர் ரூ.94 செலவழித்துவிட்டு மனம் தளர்வதில் நியாயமில்லை. இரு மடங்கு செலவான பின் அந்த வாய்ப்பு 13.5 சதவீதம். மூன்று மடங்கில் 5 சதவீதம். அனுபவமுள்ள விளம்பர மேலாளர்கள் சிலர் கைக்கணக்காகச் சொல்லும் ‘மூன்று மடங்கு’ விதிக்குப் பின்னால் இருப்பது இதுவே.

முன்பணம் பெற்று விற்பவருக்கு எல்லை ரூ.218 என்றால், ஆர்டர் இல்லாமல் ரூ.650 செலவானதும் நிறுத்தலாம். அதை ஒரே நாளில் செலவழித்துவிடக் கூடாது. வார இறுதிக்கும் வார நாளுக்கும், சம்பளம் வரும் முதல் வாரத்துக்கும் மாதக் கடைசிக்கும் வாங்கும் மனநிலை வேறு. ஏழு நாள்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ரூ.93. இன்று கிளிக் செய்தவர் நாளை மறுநாள் வாங்குவதும் உண்டு என்பதால், கடைசி ஓரிரு நாள்களின் கிளிக்குகளை வைத்து முடிவெடுப்பது அவசரமாகும்.

வேறு வடிவமைப்புகள் கைவசம் இருப்பவர் இரு மடங்கிலேயே நிறுத்தினாலும் தவறில்லை. புதிய வடிவமைப்புகளில் பெரும்பாலானவை எடுபடுவதில்லை என்பதை இத்துறையினர் அறிவர்; ஒன்றைத் தவறாகக் கைவிடுவதன் இழப்பு சிறியது. ஒரே வடிவமைப்பை நம்பியிருப்பவருக்கு மட்டுமே கூடுதல் பொறுமை தேவை. அவரும் முதலில் பார்க்க வேண்டியது ஆர்டர் எங்கே அறுபடுகிறது என்பதையே. படத்தைப் பார்த்தும் யாரும் தொடவில்லை என்றால் குறை விளம்பரத்தில். தொட்டு உள்ளே வந்தவர்கள் கூடையில் போடாமல் திரும்பினால் குறை விலையிலோ தயாரிப்புப் பக்கத்திலோ. கூடையில் போட்டபின் விலகினால், கடைசித் திரையில் திடீரெனத் தோன்றும் கூரியர் கட்டணத்தைச் சந்தேகிக்கலாம். பின்னிரண்டு நிலைகளிலும் விளம்பரத்தை மாற்றிப் பயனில்லை. பக்கத்தைச் சரிசெய்யும்வரை அதை நிறுத்தி வைப்பதே சிக்கனம்.

சொட்டுச் சொட்டாக வரும் ஆர்டர்கள்

அறவே ஆர்டர் வராத விளம்பரத்தை நிறுத்த மனம் எப்படியோ துணிந்துவிடும். ஆபத்தானது அதுவன்று. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓர் ஆர்டரைத் தந்து நம்பிக்கையை உயிருடன் வைத்திருக்கும் விளம்பரமே சேமிப்பைக் கரைக்கிறது.

ரூ.94 எல்லை கொண்டவர் ரூ.900 செலவழித்து 6 ஆர்டர்கள் பெற்றதாகக் கொள்வோம். ஆர்டருக்கு ரூ.150. லாப நட்டமற்ற நிலையில் 9 அல்லது 10 வந்திருக்க வேண்டும். ஆனால் அந்நிலையில் உள்ள விளம்பரமே துரதிர்ஷ்டத்தால் 6 அல்லது அதற்கும் குறைவாகத் தர 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. உறுதியாகத் தீர்ப்பளிக்க அது போதாது. இதே விகிதம் நீடித்து ரூ.1,800-க்கு 12 ஆர்டர்கள் என்றாகும்போது அந்த வாய்ப்பு ஏறத்தாழ 6 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. ரூ.1,800 என்ற அந்த இரண்டாம் எல்லையை விளம்பரம் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வைத்தவர்கள் தப்புகின்றனர். எழுதாதவர்களுக்கு எல்லை நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் நாடகப் பருவச் சீட்டு வாங்கியவர்களிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 1985-இல் வெளியானது. முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்குச் சென்றனர். நாடகம் ஒன்றே, கொடுத்த பணம் மட்டுமே வேறு. ஏற்கெனவே ரூ.10,000 போட்டுவிட்டோம் என்பதற்காக மேலும் ரூ.2,000 போடும் டி-சர்ட் விற்பனையாளரும் இதே மயக்கத்தில்தான் இருக்கிறார்.

விளம்பரத் தளங்களின் அறிவுரை இந்த மயக்கத்தைக் கூட்டுவதாகவே அமைகிறது. மெட்டாவின் விளம்பரங்கள் ‘கற்றல் கட்டத்தை’க் கடக்க வாரத்துக்குச் சுமார் 50 விற்பனைகள் தேவை, அதுவரை அவசரப்பட வேண்டாம் என்பது அதன் வழிகாட்டுதல். ஆர்டருக்கு ரூ.94 என்றாலே வாரம் ரூ.4,700 ஆகும். நாளொன்றுக்கு ரூ.300 ஒதுக்குபவர் வாரம் ரூ.2,100-தான் செலவழிப்பார், எல்லாம் சரியாக நடந்தாலும் 22 ஆர்டர்களே வரும். கற்றல் கட்டம் அவருக்கு ஒருபோதும் முடியாது. அறிவுரை பொய்யன்று, அது பெரிய செலவாளிக்காக எழுதப்பட்டது. விளம்பரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் கற்றல் தொடக்கத்திலிருந்து வரும் என்பது மட்டும் சிறியவருக்கும் பொருந்தும். தினமும் படத்தையும் தொகையையும் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு எந்த முடிவுக்கும் ஆதாரம் சேராது.

வென்றதாகத் தோன்றுபவை

மறுபக்கமும் உண்டு. 20 வடிவமைப்புகளுக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் தந்து, ஒவ்வொன்றுக்கும் தாங்கக்கூடிய செலவின் ஒரு மடங்கு மட்டும் செலவழித்தால், எல்லாமே சராசரியானவை என்றாலும் ஒன்றோ இரண்டோ தற்செயலாக 3 ஆர்டர்களைப் பெற்று மின்னும். அதை வெற்றி எனக் கருதி மொத்தப் பணத்தையும் அதில் போட்டால் அடுத்த வாரம் அது சராசரிக்குத் திரும்பிவிடும். இரண்டாவது முறையும் அதே பலன் தருகிறதா என்று பார்ப்பது நல்லது.

கடையை ஏற்கெனவே அறிந்தவர்களுக்குக் காட்டப்படும் விளம்பரங்கள் கணக்குப் பக்கத்தில் எப்போதும் லாபகரமாகத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் விளம்பரம் இல்லாமலே வாங்கியிருப்பர் என்பதை அப்பக்கம் சொல்வதில்லை. 2012-இல் இபே நிறுவனம், தனது பெயரைத் தேடுவோருக்குக் காட்டிவந்த விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் கட்டணமில்லாத் தேடல் முடிவுகள் வழியாக வந்து சேர்ந்தனர். இதை ஆராய்ந்த பிளேக், நோஸ்கோ, டாடெலிஸ் ஆகியோரின் ஆய்வு 2015-இல் வெளியானது. சிறு கடைக்காரருக்கும் அதே சோதனை சாத்தியம்: இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, வங்கிக் கணக்கில் வந்த மொத்தத் தொகையை முந்தைய இரு வாரங்களுடன் ஒப்பிடலாம். பண்டிகைக் காலத்தில் மட்டும் இந்த ஒப்பீடு ஏமாற்றும்.

நாள்காட்டி முடிவு செய்யும் நேர்வுகளும் உள்ளன. ஐபிஎல் இறுதிப் போட்டிக்கோ கல்லூரி விழாவுக்கோ உரிய டி-சர்ட்டை அச்சிட்டு அனுப்ப ஐந்து நாள் ஆகுமென்றால், அதற்கு ஐந்து நாள் முன்பே விளம்பரம் நின்றாக வேண்டும். பிந்திச் சேரும் பொட்டலம் திரும்பவே செய்யும். கிரிக்கெட் அணிகளின் பதிவுபெற்ற சின்னங்களை அனுமதியின்றி அச்சிட்டால் வணிகக் குறி வழக்கு வரக்கூடும். சுதந்திர தினத்தையொட்டி மூவர்ணக் கொடியையே அச்சிட்டு விற்போர், தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971, உடைத் துணியில் கொடியை அச்சிடுவதை அவமதிப்பாகக் குறிப்பிடுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அத்தகைய விளம்பரம் எத்தனை ஆர்டர் தந்தாலும் அன்றே நிறுத்தப்பட வேண்டியது.