தரிசு என்று எழுதியது யார்?

கானமயில் வேணுமா, கரண்ட் வேணுமா? ஜோத்பூருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் குப்பை கொட்டுவது சோலார் கம்பெனியில் என்பதால், என் பதிலையும் அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கேள்வியே தப்பு சாமி!

தெரியாதவர்களுக்காக: கானமயில் என்பது மயில் இல்லை. ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட். ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை வரும். ராஜஸ்தானின் மாநிலப் பறவை, இங்கே 'கோடாவண்' என்பார்கள். ஒரு காலத்தில் நம்ம தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்தது. இன்று இயற்கை வெளியில் மொத்தமே 150 தேறினால் அதிகம். அதில் முக்கால்வாசிக்கு மேல் ஜெய்சல்மேர் பக்கம்தான்.

இதற்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், நேர் எதிரே பார்வை குறைவு. கம்பி தெரியும்போது லேட்டாகிவிடும். அந்தக் கனத்தோடு சட்டென்று திரும்பவும் முடியாது. தார் பாலைவனத்தில் வருடத்துக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பியில் மோதிச் சாவதாக இந்திய வன உயிரின நிறுவனம் கணக்கிட்டது. பெட்டை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறும் தரையில். நாயும் நரியும் மிச்சம் வைத்தால்தான் குஞ்சு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கச் சொன்னது. முடியாது, செலவு தாங்காது என்று ஒரே கூப்பாடு. 2024 மார்ச்சில் அந்த உத்தரவு தளர்ந்து, நிபுணர் குழு வந்தது. 765 கேவி லைனைப் புதைப்பது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனால் 33 கேவி கேபிளைப் புதைப்பது எங்களுக்குத் தினசரி வேலை ஐயா! பெரிய லைனைப் புதைக்க முடியாவிட்டால், மேப்பிலேயே கொஞ்சம் தள்ளி வரையலாமே? கோடு போடும்போது செலவு பென்சிலுக்கு மட்டும்தான்.

ஏன் தள்ளி வரையவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது. மரம் இருந்தால் காடு, பயிர் இருந்தால் வயல், இரண்டும் இல்லாவிட்டால் 'தரிசு'. வெள்ளைக்காரன் வரிக்காகப் போட்ட கணக்கு இது. இன்னமும் அதே ரெக்கார்டை வைத்துக்கொண்டுதான் நிலம் ஒதுக்குகிறோம். சேவண் புல் முளைக்கும் அந்தத் 'தரிசை' நம்பித்தான் இங்கே ஆடும் மாடும் ஒட்டகமும் பிழைக்கின்றன. சாமிக்கு விட்ட 'ஓரண்' நிலத்தில் ஒரு கிளையைக்கூட வெட்டமாட்டார்கள் ஊர்க்காரர்கள். அதில் பலவும் ரெவின்யூ புத்தகத்தில் தரிசு! கானமயிலுக்கு மரம் வேண்டாம், இந்தத் திறந்த வெளிதான் வேண்டும். அதன் வீட்டுக்குத்தான் நாம் 'ஒன்றுமில்லாத இடம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஜெய்சல்மேர் மாவட்டத்தில் இனப்பெருக்க மையங்கள் இருக்கின்றன. 2024ல் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சும் பொரித்துவிட்டது. அங்கே உழைப்பவர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால் வளர்ந்த குஞ்சை எங்கே கொண்டுபோய் விடுவது? கம்பிக்கு நடுவிலா?

சோலாரும் வேணும், கானமயிலும் வேணும். இரண்டுக்கும் இந்த நாட்டில் இடமிருக்கிறது. முதலில் அந்த ரெக்கார்டிலிருந்து 'தரிசு' என்ற வார்த்தையை அடியுங்கள்.