தானா ஓடுற வைப்பர்

மதுரையில வேலை பார்க்கிற எங்க அண்ணன் மகன், பழைய காருக்கு மழை பட்டா தானா ஓடுற வைப்பர் மாட்டப் போறானாம். “முதல்ல ரப்பரை மாத்துடா”ன்னேன்.

அந்த சென்சாரைக் குறை சொல்லல. வேலை செய்யிற விதம் அழகுதான். முன்கண்ணாடியின் உள்பக்கம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால ஒட்டியிருக்கும். அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாகக் கண்ணாடிக்குள் அனுப்பும். காய்ந்திருந்தால் ஒளி அப்படியே திரும்பும். மேலே துளி விழுந்தால் கொஞ்சம் வெளியே நழுவிடும். குறைகிற ஒளியை வச்சு மழையைக் கணக்குப் போடும். ஆனா அது பார்க்கிறது உள்ளங்கை அளவுகூட இல்லாத இடம்.

எங்க பக்கம் நல்ல மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். மீதி மாசமெல்லாம் வெயில்ல ரப்பர் இறுகிக் கிடக்கும். சென்சார் சொன்ன நொடியே ஓடினாலும் கோடு கோடாத்தான் இழுக்கும். அறுப்பு நேரத்துத் தூசி மேல தானா ஓடினா கண்ணாடியில கீறல் வேற.

ராத்திரி மழையில திண்டுக்கல் ரோட்டுல லாரிக்குப் பின்னால வந்து பாருங்க. டயர் வாரியடிக்கிற சேறு, அந்தக் கோட்டுல சிதறுற எதிர் வெளிச்சம். புல்லுக்கட்டோட நாலுவழிச் சாலையைக் கடக்கிற எங்க ஊர் அக்கா அதுல எங்கே தெரியப் போறாங்க? ரப்பருக்கு ஆகிறது சில நூறு ரூபாய். அதை விட்டுட்டு நல்லா இருக்கிற வயரை அறுத்து ஒட்டுப்போடுறது எனக்குச் சம்மதமில்ல.

கம்பெனியிலேயே மாட்டி வந்த வண்டின்னா வச்சுக்கோங்க. கார் கழுவும்போது மட்டும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க.