பாகு பதமும் படிக ஆய்வும்

நம் சங்க விழாக்களில் சர் சி. வி. ராமனின் பெயரைச் சொல்லாத பேச்சாளர் அரிது. 1907இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தவர், பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அலுவல் போக மீந்த நேரத்தில் ஆராய்ந்து, 1930இல் நோபல் பரிசு பெற்றார். பெருமைதான். ஆனால் 1928இல் அவருக்குத் துணைநின்ற வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணனை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? 1933 முதல் 1942 வரை அதே கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தவர் அவர். அதற்கும் முன்பே, 1904இல், கலீனா படிகம் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் இந்நகரின் ஜகதீச சந்திர போஸ்.

அந்தப் படிகப் பரம்பரையின் இன்றைய வாரிசு ஒன்று உண்டு. கலப்புப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். ஈயம், அயோடின் போன்றவற்றோடு கரிம மூலக்கூறு சேர்ந்த அரைக்கடத்தி இது. சூரிய மின்கலம், ஒளி உமிழும் டயோடு, ஒளி உணர்வி ஆகியவற்றுக்கு உதவுகிறது. 2009இல் ஜப்பானில் முதன்முதலாகச் செய்த சூரிய மின்கலத்தின் திறன் 3.8 சதவீதம், இன்று ஆய்வுக்கூடங்களில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

சிலிக்கனை உருக்க 1,414 டிகிரி வெப்பம் வேண்டும். இதற்கோ, கரைசலைச் சுழலும் கண்ணாடித் தட்டில் விட்டு, சுமார் 100 டிகிரியில் உலர்த்தினாலே மெல்லிய படலம் உருவாகிவிடும். எளிது என்று எண்ணிவிடாதீர்கள். மைசூர்பாகு கிளறும் நம் தாய்மார்களுக்குப் பதத்தின் அருமை தெரியும். படிகங்கள் பொடிப்பொடியாக விளைந்தால் அவற்றின் விளிம்புகளில் மின்னூட்டம் வீணாகும். ஈரக்காற்று பட்டால் படலமே சிதையும். நம் ஊர் ஆடி மாதப் புழுக்கத்தைச் சொல்ல வேண்டுமா? ஈயத்தின் நச்சும் ஒரு கவலை. ஆகவே தீர்க்க வேண்டிய சிக்கல்கள் இன்னும் ஏராளம்.

சிக்கல் இருக்கும் இடத்தில்தானே இளைஞர்களுக்கு வேலையும் இருக்கிறது? நாமோ பிள்ளைகளைக் கணிப்பொறி மென்பொருள் ஒன்றை நோக்கியே விரட்டுகிறோம். அடிப்படை அறிவியலில் சம்பளம் தாமதமாக வரும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வேதியியல், இயற்பியல், மின்னணுவியல் மூன்றும் கலந்த இத்துறையில் பெறும் பயிற்சி ஒருநாளும் வீண்போகாது.

ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்தாமல், அனுமதி பெற்று, இப்போது ஜாதவ்பூரில் இயங்கும் அக்கழகத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். இத்தகைய படலங்களைச் சோதிக்க ராமன் விளைவும் பயன்படுகிறது என்பதை அவர்கள் நேரில் கேட்டறியட்டும்.