தோற்றால் ஜூனியர், தாவினால் சீனியர்

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் மக்களவைத் தேர்தலில் 8 முறை ஜெயித்திருக்கிறார். இன்னொருவர் 7 முறை. இருவரில் யார் சீனியர்?

எட்டு என்று சொல்லியிருப்பீர்கள். தப்பு. 2024 ஜூன் மாதம் மத்திய அரசு சொன்ன விடை ஏழு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 18வது மக்களவை கூடுவதற்கு முன் தற்காலிக சபாநாயகர் ஒருவரை நியமிக்க வேண்டும். புது உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பதும், நிரந்தர சபாநாயகர் தேர்தலை நடத்துவதும் அவர் வேலை. அவையிலேயே மூத்தவரை அழைத்து இந்த வேலையைக் கொடுப்பது மரபு. கேரளாவின் மாவேலிக்கரையிலிருந்து ஜெயித்த காங்கிரஸ்காரர் கொடிக்குன்னில் சுரேஷுக்கு அது எட்டாவது முறை. எல்லோரும் அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒடிசாவின் கட்டாக்கிலிருந்து ஏழாவது முறை ஜெயித்த பா.ஜ.க.வின் பர்த்ருஹரி மஹதாப் நியமிக்கப்பட்டார்.

கேட்டதற்கு நாடாளுமன்ற விவகார அமைச்சர் கிரண் ரிஜிஜு சொன்ன பதில் இதுதான்: சுரேஷ் 1998லும் 2004லும் தோற்றுவிட்டார், அதனால் அவருடைய தொடர்ச்சி அறுந்துவிட்டது, 2009லிருந்து எண்ணினால் அவருக்கு நான்காவது முறைதான். மஹதாபோ 1998லிருந்து இடைவிடாமல் இருக்கிறார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கல்லூரியில்கூட ஒரு வருடம் டிஸ்கன்டினியூ செய்துவிட்டு வந்தால் கூடப் படித்தவன் சீனியர் ஆகிவிடுகிறான். அந்த மாதிரி என்று வைத்துக்கொள்வோம். உடைந்த சர்வீஸ் செல்லாது. சரி.

ஆனால் இந்த விதி எப்போது பிறந்தது? பழைய மக்களவைகளின் பட்டியலைப் புரட்டினால் அங்கேதான் சிரிப்பு வருகிறது.

1996, 1998, 1999 ஆகிய மூன்று முறையும் தற்காலிக சபாநாயகராக இருந்தவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா. 11 முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவையின் தந்தை என்றே அவரை அழைத்தார்கள். 1960 இடைத்தேர்தலில் உள்ளே வந்தவர், 1977ல் தோற்று, 1980ல் திரும்பி வந்தார். ஆக, ரிஜிஜு கணக்குப்படி அவருடைய சீனியாரிட்டி 1980லிருந்துதான் ஆரம்பம். அதே அவையில் லட்சத்தீவின் பி.எம். சயீத் உட்கார்ந்திருந்தார். 1967லிருந்து 1999 வரை ஒரு தேர்தல்கூடத் தோற்காமல் பத்து முறை ஜெயித்தவர். 'இடைவிடாமல்' என்பதுதான் அளவுகோல் என்றால் மூன்று முறையும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் சயீத். ஆனால் குப்தாவைத்தான் உட்கார வைத்தார்கள். ஏனென்றால் அன்றைக்கு எண்ணியது மொத்தம் எத்தனை முறை என்பதை. நடுவில் விழுந்த ஓட்டையை யாரும் எண்ணவில்லை.

அது பழங்கதை என்றால் 2014க்கு வாருங்கள். மோடி அரசு பதவியேற்ற முதல் மாதம். தற்காலிக சபாநாயகராக நியமிக்கப்பட்டவர் காங்கிரஸின் கமல் நாத். ஒன்பது முறை ஜெயித்தவர். நடுவில் 1996 தேர்தலில் அவர் நிற்கவில்லை, மனைவி நின்றார். 1997 இடைத்தேர்தலில் இவர் நின்று, சுந்தர்லால் பட்வாவிடம் தோற்றார். பிறகு 1998ல் திரும்பி வந்தார். அவருக்கும் தொடர்ச்சி அறுந்ததுதான்! அதே 2014 அவையில் பா.ஜ.க.வின் சுமித்ரா மகாஜன் 1989லிருந்து இடைவிடாமல் எட்டாவது முறையாக இருந்தார். (அவரை நிரந்தர சபாநாயகர் ஆக்கப் போகிறார்கள், அதனால் விட்டிருக்கலாம். அது நியாயமான காரணம்தான்.) ஆனால் அறுந்த தொடர்ச்சி கமல் நாத்துக்குத் தடையாக இல்லை. பத்து வருடம் கழித்து சுரேஷுக்குத் தடையாகிவிட்டது. பிரதமரும் மாறவில்லை, ஆளும் கட்சியும் மாறவில்லை. அளவுகோல் மட்டும் மாறிவிட்டது.

2019 இன்னும் வேடிக்கை. நியமிக்கப்பட்டவர் பா.ஜ.க.வின் வீரேந்திர குமார், 1996லிருந்து தொடர்ந்து 7 முறை. அந்த அவையில் மேனகா காந்தி இருந்தார், அதே பா.ஜ.க., அமைச்சர் பதவியும் அப்போது இல்லை. அவர் மொத்தம் 8 முறை. 1996லிருந்து எண்ணினாலும் தொடர்ந்து 7 முறை. மொத்தக் கணக்கில் மேனகா முந்துகிறார். தொடர்ச்சிக் கணக்கில் இருவரும் சமம். எந்த அளவுகோலை வைத்தாலும் வீரேந்திர குமார் முதலாவதாக வரவில்லை.

2024லும் அதே ஓட்டை இருக்கிறது. கர்நாடகாவின் ரமேஷ் ஜிகஜினகி, பா.ஜ.க. எம்.பி., சிக்கோடியிலும் பிறகு பீஜப்பூரிலுமாக 1998லிருந்து இடைவிடாமல் 7 முறை ஜெயித்தவர். மஹதாபுக்கு அட்சரம் பிசகாமல் அதே கணக்கு. வயதிலும் மஹதாபைவிட மூத்தவர். அவரை ஏன் விட்டார்கள்? சுரேஷும் ஜிகஜினகியும் தலித்துகள், அதனால்தானா என்று காங்கிரஸ் கேட்டது. ஒருவருடைய மனதுக்குள் புகுந்து நான் பார்க்க முடியாது. ஆனால் எழுதி வைத்த விதி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

இதில் எனக்கு எரிச்சல் தரும் விஷயம் இன்னொன்று. மஹதாப் 1998லிருந்து ஆறு முறை ஜெயித்தது பிஜு ஜனதா தளத்தில். 2024 மார்ச்சில் பா.ஜ.க.வுக்கு வந்தார், ஏழாவது முறை அந்தச் சின்னத்தில் ஜெயித்தார். கட்சி மாறினால் தொடர்ச்சி அறுவதில்லை. மக்கள் ஒருமுறை வேண்டாம் என்றால் மட்டும் அறுந்துவிடுகிறது! மஹதாப் தகுதியில்லாதவர் என்று நான் சொல்லவில்லை, அவை விதிகள் நன்றாகத் தெரிந்தவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். என் சண்டை அளவுகோலோடு.

நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் கையேடு என்ன சொல்கிறது தெரியுமா? எத்தனை ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார் என்பதை வைத்து மூத்தவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம் என்கிறது. முறை அல்ல, ஆண்டு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1996, 1998, 1999 என்று நாலு வருடத்துக்குள் மூன்று தேர்தல் வந்ததே, அப்போது மூன்றிலும் ஜெயித்தவருக்கு 'மூன்று முறை' சுலபமாகக் கிடைத்துவிட்டது. 1998ல் ஜெயித்தவர்களுக்கு அந்த அவை 13 மாதம்தான். சரி, ஆண்டுக் கணக்கே போட்டுப் பார்ப்போம். சுரேஷ் 1989-91, 1991-96, 1996-97, 1999-2004, பிறகு 2009லிருந்து 2024 வரை 15 வருடம். கூட்டினால் சுமார் 27. மஹதாபுக்கு 1998லிருந்து தாராளமாகக் கூட்டினாலும் 26. ஆக முறையை எண்ணினாலும் சுரேஷ், ஆண்டை எண்ணினாலும் சுரேஷ். மூன்றாவதாக ஓர் அளவுகோல் இருந்தது, அதை எடுத்தார்கள்.

"அட விடுப்பா, இரண்டு நாள் பதவி, இதற்கா இவ்வளவு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இரண்டு உதாரணம். இரண்டும் மாநில சட்டசபையில் நடந்தவை. ஆனால் அங்கும் அரசியல் சாசனத்தின் வாசகம் கிட்டத்தட்ட இதேதான்.

2018 மே, கர்நாடகா. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எடியூரப்பா நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டும். ஆர்.வி. தேஷ்பாண்டே என்ற மூத்தவர் இருக்க, ஆளுநர் பா.ஜ.க.வின் கே.ஜி. போபையாவை நியமித்தார். இதே போபையா 2010ல் சபாநாயகராக இருந்தபோது எடியூரப்பா அரசைக் காப்பாற்றும் விதமாக 16 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்து, 2011ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. காங்கிரஸும் ம.ஜ.த.வும் வழக்குப் போட்டன. நீதிமன்றம் நியமனத்தில் கை வைக்கவில்லை, வாக்கெடுப்பை நேரடியாக ஒளிபரப்புங்கள் என்பதோடு நின்றது. கடைசியில் எடியூரப்பா வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்ததால் சிக்கல் அவிழ்ந்தது.

2019 நவம்பர், மகாராஷ்டிரா. இங்கே எதிர்ப்பக்கம் செய்த வேலை. எட்டு முறை ஜெயித்த பா.ஜ.க.வின் காளிதாஸ் கோளம்ப்கர் தற்காலிக சபாநாயகராக இருந்து பதவிப் பிரமாணமும் செய்து வைத்துவிட்டார். சிவசேனா, தேசியவாத காங்கிரஸ், காங்கிரஸ் கூட்டணி ஆட்சிக்கு வந்ததும் அவரை மாற்றிவிட்டு தேசியவாத காங்கிரஸின் திலீப் வால்சே பாட்டீலை உட்கார வைத்து நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2024ல் டில்லியில் மரபு, மரபு என்று முழங்கிய காங்கிரஸ், 2019ல் மும்பையில் அந்த அரசின் பங்காளி. அன்றைக்கு மரபு எங்கே லீவில் போயிருந்ததோ :-)

அந்த நாற்காலியில் இருப்பவர்தான் யாரைப் பேச விடுவது, எந்த ஆட்சேபத்தை ஏற்பது, குரல் வாக்கா டிவிஷனா என்று முடிவு செய்கிறார். நாலு எம்.பி. வித்தியாசத்தில் ஒரு மக்களவை அமைந்தால் அப்போது புரியும் இந்த இரண்டு நாள் பதவியின் விலை.

பிரச்சினையின் வேர் எங்கே என்றால், அரசியல் சாசனத்தின் 95(1) பிரிவில். சபாநாயகர், துணை சபாநாயகர் இரண்டு பதவியும் காலியாக இருந்தால் குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர் அந்தப் பணியைச் செய்வார் என்கிறது. 'மூத்த' என்ற சொல்லே அதில் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்றால் அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நியமிக்கிறார் என்று அர்த்தம். ஆக, ஆளும் கட்சி விரும்பியவர் சீனியர்.

வெளிநாட்டில் எப்படி? பிரிட்டனில் ரிஜிஜு சொன்ன அளவுகோலேதான், இடைவிடாத சேவை. ஆனால் அங்கே அது அவையின் நிலையாணைகளில் எழுதியிருக்கிறது, யாருக்கும் விலக்கு இல்லை. சர்ச்சில் முதலில் ஜெயித்தது 1900ல். 1922ல் தோற்று 1924ல் திரும்பியதால், அவருக்கே 1924லிருந்துதான் எண்ணினார்கள். 1959 வரை காத்திருந்துதான் அவையின் தந்தை ஆனார். ஜெர்மனியில் நேர்மாறு. அங்கே வயதில் மூத்தவர் முதல் கூட்டத்தைத் தொடங்கி வைப்பது வழக்கமாக இருந்தது. 2017ல், ஏ.எஃப்.டி. கட்சிக்காரர் ஒருவருக்கு அந்த வாய்ப்பு போய்விடும் என்ற பயத்தில், நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் என்று விதியை மாற்றினார்கள். உள்நோக்கம் உள்ள மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தேர்தலுக்கு முன்பே, எழுத்தில், அவையில் வைத்து மாற்றினார்கள். 2025ல் அந்த விதிப்படி கிரெகோர் கீஸி தலைமை தாங்கினார். அவருக்கும் 2002க்கும 2005க்கும் நடுவில் இடைவெளி உண்டு. மொத்த ஆண்டுதான் கணக்கு என்பதால் யாரும் அவர் தொடர்ச்சி அறுந்ததைப் பேச முடியவில்லை.

மொத்தமா, தொடர்ச்சியா, இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்கு மொத்தம்தான் பிடிக்கும். காரணம், தோற்றுப் போய் ஐந்து வருடம் வெளியே இருந்தவருக்கு அதற்கு முன் அவையில் கற்றது மறந்துவிடுவதில்லை. தொடர்ச்சிதான் என்று வைத்தால், ஒவ்வொரு தேர்தலிலும் காற்று மாறி அடிக்கும் மாநிலத்து எம்.பி.க்கு அந்த நாற்காலி எட்டாது, பாதுகாப்பான தொகுதி வைத்திருப்பவருக்கே போகும். ஆனால் எதுவானாலும் அடுத்த தேர்தல் முடிவு வருவதற்கு முன் எழுதி வையுங்கள். வாக்கு எண்ணி முடித்தபின் யார் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துவிட்டு அளவுகோலைத் தேடக் கூடாது.

சமமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒரு ஜிகஜினகி. பிரிட்டனில் யார் முதலில் பிரமாணம் எடுத்தாரோ அவர் முந்துவார். அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால் நமக்கு ஆபத்து. மக்களவையில் அமைச்சர்கள் முடிந்ததும் ஆங்கில அகர வரிசைப்படி மாநிலம் மாநிலமாகத்தான் பிரமாணம் எடுப்பார்கள். ஆந்திராக்காரர் எப்போதும் தமிழ்நாட்டுக்காரரை முந்திவிடுவார், மேற்கு வங்கக்காரர் எல்லோருக்கும் கடைசி. அமெரிக்க செனட்டில் இப்படித்தான் ஆனது. ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஒரே நாளில், 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்ற இருவரில், பெயர் அகர வரிசையில் முன்னால் வருகிறது என்பதாலேயே ஆசாஃப் சீனியர், வார்னாக் ஜூனியர். அதைவிட வயது மேல். பிறந்த தேதியை எந்த அமைச்சராலும் மாற்ற முடியாது.

சுரேஷைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப் போய்விட்டது. மஹதாபுக்கு உதவியாகப் பிரமாணம் செய்து வைக்கும் குழுவில், எட்டு முறை ஜெயித்த அவரையே போட்டிருந்தார்கள், கூடவே நம்மூர் டி.ஆர். பாலு, திரிணமூலின் சுதீப் பந்தோபாத்யாய். மூவரும் போகவில்லை. ஜூன் 26 அன்று சபாநாயகர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக சுரேஷ் நின்றார். நடத்தியவர் மஹதாப். குரல் வாக்கெடுப்பில் ஓம் பிர்லா ஜெயித்ததாக அறிவித்தார்.